ஸ்கார்ப்பியோவைச் சென்னை நீதிமன்றம் விடுவித்திருக்குமா?

சென்னையில் ரவுடி ஒருவர் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று செய்தி வரும்போதும், கைதானவர் ‘தப்பி ஓட முயன்று வழுக்கி விழுந்ததில்’ கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் படம் வெளியாகும்போதும், ஒரே வாதம் எழுகிறது: கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் சட்டத்தின் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடுவான், எனவே போலீஸ் செய்ததே சரி. இந்த வாதத்துக்குத் திரையில் முழு உருவம் கொடுத்த படம் ‘டர்ட்டி ஹாரி’. டான் சீகல் இயக்கி, கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து, 1971 டிசம்பரில் வெளியான இந்த அமெரிக்கப் படத்துக்குப் பிறகு, விதியை மீறும் போலீஸ் நாயகன் உலகெங்கும் ஒரு வகைமாதிரி ஆனான். தமிழ்த் திரையில் வாரண்ட், விசாரணை, மேலதிகாரி எதையும் மதியாமல் துப்பாக்கியைத் தூக்கும் காக்கிச்சட்டை நாயகர்களுக்கும் அவன் தூரத்து மூதாதைதான்.

அந்தப் படத்தின் கதை எந்தச் சட்ட விதியின்மீது நிற்கிறதோ, அந்த விதி இந்தியாவில் இல்லை. இங்கே இருப்பது வேறொரு விதி. அது சில இடங்களில் அமெரிக்க விதியைவிடக் கடுமையானது, சில இடங்களில் வியப்பளிக்கும் அளவுக்குத் தளர்வானது. ஆகவே ஹாரியின் கோபத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும்போது, நம் வழக்குகள் உண்மையில் எங்கே தோற்கின்றன என்பது கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. இதைப் புரிந்துகொள்ளப் படத்தின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கதையின் அச்சாணி

சான் பிரான்சிஸ்கோ நகரில், உயர்ந்த கட்டடம் ஒன்றின் மேலிருந்து, வேறொரு கட்டடத்தின் மொட்டைமாடிக் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கும் பெண்ணை ஒருவன் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளால் சுட்டுக் கொல்கிறான். ‘ஸ்கார்ப்பியோ’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அவன், 1,00,000 டாலர் தராவிட்டால் கொலைகள் தொடரும் என்று நகர நிர்வாகத்துக்கு எழுதுகிறான். பிறகு 14 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்தி, மண்ணுக்கடியில் அடைத்துவைத்திருப்பதாகவும், அதிகாலை 3 மணிவரைதான் அவளுக்குக் காற்று இருக்கும் என்றும் சொல்லி, தொகையை 2,00,000 ஆக்குகிறான்.

பணப்பையை எடுத்துச் செல்பவர் இன்ஸ்பெக்டர் ஹாரி கேலஹன். மலைமேல் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் ஸ்கார்ப்பியோ அவரை அடித்து நொறுக்குகிறான். உடன் வந்த சக அதிகாரி குண்டடிபடுகிறார். ஹாரி தன் காலில் ஒட்டிவைத்திருந்த கத்தியை ஸ்கார்ப்பியோவின் தொடையில் பாய்ச்சுகிறார். காயத்துக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர் தரும் தகவலால், அவன் கெசார் ஸ்டேடியத்தில் தங்கியிருப்பது தெரியவருகிறது. வாரண்ட் இல்லாமல் உள்ளே புகும் ஹாரி, அவன் அறையில் ரைஃபிளைக் கைப்பற்றுகிறார். ஓடுகிறவனை மைதானத்தின் நடுவில் சுட்டு வீழ்த்துகிறார். அவன் ‘எனக்கு வழக்கறிஞர் வேண்டும்’ என்று கதற, அடிபட்ட காலின்மேல் ஏறி மிதித்தபடி ‘பெண் எங்கே?’ என்று கேட்கிறார். கேமரா இருவரையும் விட்டு மேலே மேலே விலகிப் பனிமூட்டத்தில் மறைகிறது. பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டாம் என்று இயக்குநர் நினைக்கிறாரோ அதைப் பார்க்காமல் இருக்க வசதி செய்துகொடுக்கும் திறமையான காட்சி அது.

மறுநாள் மாவட்ட அரசு வழக்கறிஞரின் அறையில், ஸ்கார்ப்பியோமீது வழக்குத் தொடர முடியாது என்று ஹாரியிடம் சொல்லப்படுகிறது. வாரண்ட் இல்லாமல் எடுத்த ரைஃபிள் செல்லாது. சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலம் செல்லாது. அதன்வழி கிடைத்த சிறுமியின் உடலும்கூடச் சாட்சியமாகாது. கொலைகாரன் வெளியே போகிறான், பள்ளிப் பேருந்து ஒன்றைக் கடத்துகிறான், கடைசியில் ஹாரியின் துப்பாக்கியால் சாகிறான். படத்தின் அத்தனை ஆத்திரமும் இந்த ஓர் அறைக் காட்சியில்தான் தொங்குகிறது.

அமெரிக்காவில் அப்போது மாறியிருந்தது என்ன

அந்த அறையில் அடிபடும் எஸ்கோபிடோ, மிராண்டா என்ற பெயர்கள் வெறும் வசன அலங்காரம் அல்ல. எர்ல் வாரன் தலைமை நீதிபதியாக இருந்த 1953 முதல் 1969 வரையிலான காலத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் காவல் துறையின் கைகளைக் கட்டும் தீர்ப்புகளை அடுத்தடுத்து வழங்கியது. அவற்றில் மூன்று இங்கே முக்கியம்.

1. மேப் வழக்கு, 1961. சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கைப்பற்றிய பொருளை மாநில நீதிமன்றங்களும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றது. இதை விலக்கல் விதி எனலாம். விலக்கப்பட்ட சாட்சியத்திலிருந்து கிளைத்துக் கிடைக்கும் பிற சாட்சியங்களும் விலக்கப்படும் என்ற கோட்பாடு அதற்கும் முன்பே இருந்தது. அதற்கு ‘நச்சு மரத்தின் கனி’ என்று பெயர்.

2. எஸ்கோபிடோ வழக்கு, 1964. விசாரணையில் இருக்கும் சந்தேக நபர் தன் வழக்கறிஞரைக் கேட்டும் சந்திக்க விடாமல் பெற்ற வாக்குமூலம் செல்லாது என்றது.

3. மிராண்டா வழக்கு, 1966. காவலில் வைத்துக் கேள்வி கேட்கும் முன், பேசாமல் இருக்கும் உரிமையும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் வாக்குமூலம் செல்லாது என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது.

இவை வெளிவந்த காலத்தில் அமெரிக்க நகரங்களில் குற்றம் பெருகியிருந்தது. 1968 தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன் ‘சட்டம் ஒழுங்கு’ முழக்கத்தோடு வென்றார். நீதிமன்றங்கள் குற்றவாளிகளுக்குக் குடை பிடிக்கின்றன என்ற மனக்குறை பெரும்பான்மை மக்களிடம் பரவியிருந்தது, படம் அதை அறுவடை செய்தது. பாலின் கேல், ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகர்கள் படத்தின் கலைத் திறனை மறுக்காமலேயே அதன் அறநிலையைப் பாசிசம் என்று சாடினார்கள்.

ஆனால் மிராண்டா என்ற மனிதருக்கு என்ன ஆனது என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. தீர்ப்புக்குப் பிறகு, 1967இல், அந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு, பிற சாட்சியங்களைக் கொண்டே அவர்மீது மறுவிசாரணை நடந்தது. மறுபடியும் குற்றவாளி என்றே முடிவானது. வாக்குமூலம் விலக்கப்படுவதும் வழக்கு விழுவதும் ஒன்றல்ல.

படம் நகர்ந்துபோகும் இடங்கள்

திரைக்கதை தன் வாதத்தை வெல்வதற்காகச் சில கேள்விகளைப் பார்வையாளரின் கண்ணில் படாமல் கடத்துகிறது. அவை மூன்று.

1. சித்திரவதை அந்தச் சிறுமியைக் காப்பாற்றவில்லை. இடம் தெரிந்து தோண்டும்போது அவள் பிணமாகத்தான் கிடைக்கிறாள். ஹாரி விதியை மீறியதன் நிகர விளைவு, உயிரும் மீளவில்லை, வழக்கும் கெட்டது என்பதுதான். படத்தின் கணக்குப் புத்தகத்தைப் படத்தின் எண்களை வைத்தே கூட்டினாலும் இதுதான் விடை.

2. செல்லாதவற்றைக் கழித்த பிறகும் ஸ்கார்ப்பியோமீது வழக்கு மீதம் இருக்கிறது. ஸ்டேடியத்துக்கு முன்பே, சிலுவையின் அடியில், அவன் ஒரு போலீஸ் அதிகாரியைக் கொல்ல முயன்றான், இன்னொருவரைச் சுட்டான். முகமூடி அணிந்திருந்தான் என்பது உண்மை. ஆனால் அவன் காலில் ஹாரியின் கத்திக் காயம் இருக்கிறது, அதற்குக் கட்டுப்போட்டு அவனை அடையாளம் சொன்ன மருத்துவர் இருக்கிறார். இவற்றில் எதுவும் சட்டவிரோதச் சோதனையின் கனி அல்ல. ஓர் இளநிலை வழக்கறிஞர்கூடக் கொலை முயற்சி வழக்கைத் தாக்கல் செய்திருப்பார். படத்தின் அரசு வழக்கறிஞருக்கு மட்டும் இது தோன்றவில்லை.

3. கேமரா முதல் காட்சியிலேயே கொலைகாரனைக் காட்டிவிடுகிறது. ஆகவே ஹாரி மிதிப்பது உரிய ஆளைத்தான் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. நிஜ உலகில் எந்த ஆய்வாளருக்கும் அந்த முதல் காட்சி கிடைப்பதில்லை. கிரிமினாலஜி அறிஞர் கார்ல் கிளாக்கர்ஸ் 1980இல் ‘டர்ட்டி ஹாரி சிக்கல்’ என்றே தலைப்பிட்டு எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தோண்டியது. நல்ல விளைவுக்காக அழுக்கான வழியைக் கையாளும் அதிகாரிக்குக் களங்கமில்லாத தீர்வு எதுவும் கிடையாது என்று ஒப்புக்கொண்ட அவர், அப்படிச் செய்பவரைத் தண்டித்தாக வேண்டும் என்றே முடித்தார்.

ஸ்கார்ப்பியோவுக்கு முன்மாதிரியான நிஜக் கொலையாளியையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1968, 1969 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் குறைந்தது 5 பேரைக் கொன்று, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி, பள்ளிப் பேருந்தைத் தாக்குவேன் என்று மிரட்டியவன் தன்னை ‘ஸோடியாக்’ என்று அழைத்துக்கொண்டான். அவன்மீது வழக்கே நடக்கவில்லை. அதற்கு மிராண்டா தீர்ப்பு காரணமில்லை. அவன் யாரென்று காவல் துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

படக்குழுவுக்கே உறுத்தல் இருந்திருக்கிறது போலும். 1973இல் வந்த இரண்டாம் படமான ‘மேக்னம் ஃபோர்ஸ்’, நீதிமன்றம் விட்டுவிட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கொல்லும் இளம் போலீஸ்காரர்களை வில்லன்களாக்கி, அவர்களுக்கு எதிராக ஹாரியை நிறுத்தியது.

இங்கே இருக்கும் விதியின் வேர் மதராஸில்

இந்தியாவின் சாட்சியச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்கிறது. அடித்தாலும் அடிக்காவிட்டாலும், வழக்கறிஞர் அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எச்சரிக்கை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் செல்லாது. அமெரிக்காவில் முறைப்படி எச்சரித்துவிட்டுப் பெறும் வாக்குமூலம் செல்லும். இங்கே அந்தக் கதவே இல்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இருந்த இந்தத் தடை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் செல்ல வேண்டுமானால் நீதித்துறை நடுவர் முன்பு, யோசிக்க அவகாசம் கொடுக்கப்பட்டு, உரிய எச்சரிக்கைகளோடு அது பதிவாக வேண்டும்.

தன் காவல் துறையை நம்பாமல் இப்படி ஒரு சட்டத்தை ஒரு காலனி அரசு ஏன் எழுதியது? காரணங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் மக்கள் சித்திரவதைக்கு உள்ளாவதாக லண்டன் நாடாளுமன்றத்தில் 1854இல் எழுந்த குற்றச்சாட்டைத் தொடர்ந்து, அதை விசாரிக்க மூவர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் அது தந்த அறிக்கையை இன்றும் வாசிக்க முடிகிறது, வாசிப்பது எளிதல்ல. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை நசுக்கும் கிட்டி, கழுத்தைக் கயிற்றால் காலோடு இழுத்துக் கட்டிக் குனிந்த நிலையில் மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்ப் பொடி என்று வகைவகையாக அதில் பதிவாகியுள்ளன. வரி கட்டாத குடியானவரிடம் வரி வசூலிக்கவும், களவு போன பொருளை மீட்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இவை பயன்பட்டன. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே தாசில்தாரின் ஆட்களிடம் இருந்தது இதற்கு வசதி செய்துகொடுத்தது.

இந்த அறிக்கை கிளப்பிய சூழலில்தான் 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்து, காவல் பணி வருவாய்ப் பணியிலிருந்து பிரிக்கப்பட்டது. போலீஸிடம் தரும் வாக்குமூலத்துக்கான தடை 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து, 1872இல் சாட்சியச் சட்டத்துக்கு இடம் மாறியது. ஆகவே ‘மனித உரிமைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விதி’ என்று இதை ஒதுக்குபவர்கள் ஊர் வரலாற்றை மறந்துதான் பேசுகிறார்கள்.

ஸ்கார்ப்பியோ சென்னையில் பிடிபட்டிருந்தால்

கதையை அப்படியே இங்கே நகர்த்தி, ஹாரி கொண்டுவரும் ஒவ்வொரு சாட்சியத்தையும் உயர் நீதிமன்ற வளாகத்து அமர்வு நீதிமன்றம் ஒன்றின் முன் வைத்துப் பார்க்கலாம்.

1. ரைஃபிள். அமெரிக்காவில் விழுந்த இந்தச் சாட்சியம் இங்கே நிற்கும். சோதனை சட்டவிரோதமாக நடந்தது என்பதற்காக மட்டும், அதில் கிடைத்த தொடர்புள்ள சாட்சியத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்று பூரண் மல் வழக்கில் (1974) இந்திய உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பொருளுக்கும் வழக்குக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே முதன்மைக் கேள்வி. கைப்பற்றிய முறை அதன் நம்பகத்தன்மையை எடைபோடும்போது வரும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஆளைச் சோதிப்பதற்கான நிபந்தனைகள் போன்ற சில விலக்குகள் உண்டு. மேலும், அவசரத்தில் காரணத்தை எழுதிவைத்துவிட்டு வாரண்ட் இன்றிச் சோதனையிட விசாரணை அதிகாரிக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆகவே அந்த ரைஃபிள் மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். நீச்சல் குளத்துப் பெண்ணின் உடலில் இருந்த குண்டு இதிலிருந்து வெளிவந்ததா என்று நிபுணர் அறிக்கை தருவார். படத்தின் முடிச்சு இந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது.

2. ‘நான்தான் கடத்தினேன்’ என்ற ஒப்புதல். இது செல்லாது. ஹாரி அவன் காலைத் தொடாமல், தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தாலும் செல்லாது.

3. சிறுமி இருந்த இடம். மிக நுணுக்கமான புள்ளி இதுதான், ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். வாக்குமூலத் தடைக்கு ஒரு விலக்கு உண்டு. பழைய 27ஆம் பிரிவான இது இப்போது 23ஆம் பிரிவின் இறுதியில் நிபந்தனை வாசகமாக உள்ளது. காவலில் இருப்பவர் தரும் தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். அதன் எல்லையை வகுத்ததும் மதராஸ் மாகாணத்து வழக்குதான். குண்டூர் மாவட்டத்துக் கொலை வழக்கொன்றில், ஈட்டியை வைக்கோற்போரில் ஒளித்துவைத்ததாக ஒருவர் போலீஸிடம் சொன்னார். மேல்முறையீடு, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. புலுகூரி கோட்டையா வழக்கு எனப்படும் அதில் (1947), ‘ஒளித்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்’ என்பது செல்லும், ‘அதை வைத்துத்தான் குத்தினேன்’ என்பது செல்லாது என்று கோடு கிழிக்கப்பட்டது. அதன்படி, ‘இன்ன இடத்தில் அடைத்து வைத்திருக்கிறேன்’ என்ற ஸ்கார்ப்பியோவின் சொல் இந்த விலக்குக்குள் வரக்கூடியது.

ஆனால் காலை மிதித்துப் பெற்ற சொல் அது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3)ஆவது பிரிவு. கட்டாயம் இல்லாத வரையில்தான் 27ஆம் பிரிவு அதற்கு முரணாகாது என்று காத்தி காலு ஓகத் வழக்கில் (1961) 11 நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. எனவே அடித்தது நிரூபணமானால், சிறுமியின் உடலைக் கண்டெடுத்த செயலை ஸ்கார்ப்பியோவோடு பிணைக்கும் வலுவான சங்கிலி அறுந்துபோகும். இந்தியச் சட்டத்திலும் ஹாரியின் பூட்ஸ் கால் கெடுப்பது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

4. மருத்துவரும் கத்திக் காயமும். இரண்டும் தடையின்றி ஏற்கப்படும். ஹாரியே சாட்சிக் கூண்டில் ஏறிக் கொலை முயற்சியைப் பற்றிச் சாட்சியம் சொல்லலாம்.

5. ஹாரிமீது வழக்கு. ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்துவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டுவரையிலும், கொடுங்காயமாக இருந்தால் 10 ஆண்டுவரையிலும் சிறைத்தண்டனைக்கு உரியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே தண்டனைதான் இருந்தது.

ஆக, சென்னையில் ஸ்கார்ப்பியோ விடுதலையாகியிருக்க மாட்டான். பிணை கிடைப்பதே பெரும்பாடு.

போலீஸ் வாக்குமூலம் செல்லுபடியானபோது

இந்தத் தடையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, இந்தியா அதைச் செய்தும் பார்த்துவிட்டது. பயங்கரவாதத் தடுப்புக்காகக் கொண்டுவரப்பட்ட தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கு இந்தச் சட்டத்தின்கீழ் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் அங்கே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது தடா சட்டக் குற்றமே அல்ல என்றது. ஆனாலும் தடாவின்கீழ் பதிவான வாக்குமூலங்களைப் பிற குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டு, 4 பேருக்குத் தூக்கையும் 3 பேருக்கு ஆயுளையும் உறுதிசெய்து, 19 பேரை விடுவித்தது.

தூக்கு உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். அவருக்கு எதிரான முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே, ஓய்வுபெற்ற பின் 2013இல், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அதை எழுதியிருந்தால் ஒப்புதல் வாக்குமூலம் என்பதன் நோக்கமே கெட்டிருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். 2022 மே 18இல் பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு அடிப்படையானது அமைச்சரவைப் பரிந்துரையில் ஆளுநர் செய்த தாமதமே தவிர இந்த ஒப்புதல் அல்ல. இருந்தாலும், யாரும் அடிக்காமலேயே, பேனாவால் மட்டும் ஒரு வாக்குமூலம் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

தமிழகத்தைச் சேர்ந்த இன்னொரு வழக்கான தூபான் சிங் வழக்கில் (2020), போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் இந்தத் தடையின் பொருளில் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் தந்த ஒப்புதலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் நம் வழக்குகள் எங்கே உடைகின்றன

ரவுடிகள் விடுதலையாவது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் ‘ஓட்டை’ என்று சொல்லப்படும் உரிமைகள் அல்ல. கொலையைக் கண்ணால் கண்டவர், சில ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறி ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்கிறார். நீதிமன்ற மொழியில் இவர் பிறழ் சாட்சி. அவர் அதே தெருவில் குடியிருக்க வேண்டியிருக்கிறது, எதிரியின், அதாவது குற்றம்சாட்டப்பட்டவரின், ஆட்கள் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு நிகராக்கியது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவும் மாநிலங்கள் அதைக் கொண்டுவர வேண்டும் என்கிறது. திரைப்படத்தில் இதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லை. சாட்சியை ஊர் மாற்றிக் குடிவைக்கும் நாயகனுக்கு யாரும் விசிலடிப்பதில்லை.

இரண்டாவது, கைப்பற்றலின் தரம். தமிழகக் கொலை வழக்குகளை வாசித்தவர்களுக்கு ஒரு வார்ப்பு மனப்பாடமாகியிருக்கும். எதிரி தாமாக முன்வந்து வாக்குமூலம் கொடுத்தார், அதில் ஏற்கத்தக்க பகுதியின்பேரில் முட்புதருக்கு அழைத்துச் சென்றார், அங்கிருந்து எடுத்துக் கொடுத்த அரிவாள் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சியாக இருக்க, மகஜர் என்னும் கைப்பற்றல் பதிவு எழுதிக் கைப்பற்றப்பட்டது. அடுத்தடுத்த வழக்குகளில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் மாறி இதே வாக்கியங்கள் வரும்போது, நீதிபதிக்கு ஐயம் வருவது இயல்பு. சில வழக்குகளில் எதிரி நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடமே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் சொல்லப்படுவது உண்டு. முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவர் எதற்காகக் கொலையை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று எதிர்த்தரப்பு கேட்கும், நீதிமன்றங்களும் இத்தகைய ஒப்புதலை எச்சரிக்கையோடுதான் பார்க்கின்றன.

இந்த இரண்டாவது பலவீனத்தோடு மாவுக்கட்டு சேரும்போது என்ன ஆகும்? கைதான அன்றே மருத்துவமனையில் எழுதப்படும் காயப் பதிவு, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கிடைக்கும் முதல் ஆவணம். ‘தாமாக முன்வந்து’ என்று மகஜரில் எழுதியிருக்க, அதே தேதியில் இரண்டு எலும்புகள் முறிந்திருப்பதைக் காட்டி, 20(3)ஐ அவர் எழுப்புவார். மக்கள் கைதட்டி ரசித்த அந்தப் படமே விசாரணையின்போது அரசுத் தரப்புக்கு எதிரான சான்றாகிறது. ஹாரியின் கதை நமக்குப் பொருந்தும் ஒரே இடம் இதுதான், அதுவும் ஹாரிக்குச் சாதகமாக இல்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவரும் போலீஸ் பிடியில் அடிபட்டு உயிரிழந்த வழக்குகள் சிபிஐ விசாரணைக்குப் போனவை. முன்னதில் இருவர்மீதும் இருந்த புகார் ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்பது. பின்னதில் நகைத் திருட்டுப் புகார். காற்று தீர்ந்துகொண்டிருக்கும் சிறுமி இந்த இரண்டு கதைகளிலும் இல்லை.

கடைசிக் காட்சியும் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

படத்தின் முடிவில், கல்குவாரி அருகே மீன்பிடித்துக்கொண்டிருக்கும் சிறுவனை ஸ்கார்ப்பியோ பிணையாகப் பிடிக்கிறான். ஹாரி அவன் தோளில் சுட, சிறுவன் தப்பி ஓடுகிறான். கீழே கிடக்கும் துப்பாக்கிக்கும் அவனுக்கும் கையெட்டும் தூரம். தன் துப்பாக்கியில் குண்டு மீதம் இருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொள்ளச் சொல்லி ஹாரி அவனைச் சீண்டுகிறார். அவன் எட்டி எடுக்கிறான், ஹாரி சுட்டுக் கொல்கிறார். பிறகு தன் போலீஸ் பேட்ஜைக் கழற்றித் தண்ணீரில் வீசுகிறார்.

நம் சட்டத்தில் இவை இரண்டு தனிச் செயல்கள். முதல் சூடு பிறர் உயிரைக் காப்பதற்கான தற்காப்புரிமையில் எளிதாக அடங்கும். இரண்டாவதில், ஆபத்தைத் தானே தூண்டிவிட்டுப் பிறகு அதிலிருந்து தற்காத்துக்கொண்டதாகச் சொல்ல முடியுமா என்ற கேள்வி வரும். என்கவுன்ட்டர் மரணங்களுக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. சுட்டுக்கொன்ற பின் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சம்பந்தப்பட்ட குழுவைச் சேராத, வேறு காவல் நிலையத்தைச் சேர்ந்த அதிகாரியோ சிஐடி பிரிவோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். சுட்ட அதிகாரி தன் ஆயுதத்தைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். வீரச் செயல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும்வரை பதவி உயர்வோ விருதோ கிடையாது.

‘காக்க காக்க’ வந்த 2003க்கும், என்கவுன்ட்டரையே கேள்விக்கு உள்ளாக்கிய ‘வேட்டையன்’ வந்த 2024க்கும் இடையில், தமிழ்த் திரை இந்த நெறிமுறைகளின் பக்கம் மெல்ல நகர்ந்திருக்கிறது என்று சொல்ல இடமுண்டு. செய்திக் குறிப்புகளின் மொழி அவ்வளவாக நகரவில்லை.

ஹாரியின் வழக்கை அப்படியொரு சிஐடி அதிகாரி எடுத்திருந்தால், முதல் சூட்டுக்கு அவருக்குக் கிடைக்கும் சாட்சி அந்தச் சிறுவன். இரண்டாவது சூடு நடக்கும்போது அவன் ஓடிப்போயிருந்தான். எனவே அங்கே நின்ற நிலை, சுட்ட தூரம், குண்டு பாய்ந்த கோணம், ஸ்கார்ப்பியோவின் கைக்கு எட்டும்படி அந்தத் துப்பாக்கி கிடந்த இடம் ஆகியவற்றை, பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் தடய அறிக்கையையும் வைத்தே அவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். ஹாரியின் சொல் மட்டும் அதற்குப் போதாது.